இனெஸ் டி காஸ்ட்ரோ: கேள்வி பதில்

கே: இனெஸ் ஸ்பெயின்காரியா, போர்ச்சுகல்காரியா?

ப: பிறந்தது கலீசியாவில், இன்றைய ஸ்பெயினின் வடமேற்கு மூலை. அப்பா பெரிய பிரபு; இவள் முறையான மனைவிக்குப் பிறந்தவள் அல்ல. போர்ச்சுகல் இளவரசன் பெட்ரோவுக்கு வாழ்க்கைப்பட்ட கான்ஸ்டன்ஸாவின் தோழியாக 1340 வாக்கில் அங்கே போனாள். இளவரசனுக்குத் தோழியைத்தான் பிடித்துப்போனது. பின்னர் இளவரசனின் அப்பாவான ராஜாவின் உத்தரவில் அவள் கொல்லப்பட்டாள்.

கே: பெட்ரோ ராஜாவானதும் அவள் பிணத்தைத் தோண்டி எடுத்து முடிசூட்டி, எல்லோரையும் கையில் முத்தமிட வைத்தாராமே?

ப: இல்லை. பெட்ரோவின் வரலாற்றை எழுதிய ஃபெர்னாவ் லோபெஸ், கொலையாளிகள் இருவரின் இதயத்தைப் பிடுங்கியதை எல்லாம் விவரமாகச் சொல்கிறார். முடிசூட்டு பற்றி ஒரு வரி கிடையாது. அது 16ஆம் நூற்றாண்டு நாடகக்காரர்கள் பரப்பிய சரக்கு. நடந்தது இவ்வளவுதான்: 1361இல் உடலை, அவள் கொல்லப்பட்ட கோயிம்பிரா நகரத்திலிருந்து அல்கோபாசா மடத்துக்குப் பெரிய ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். நாடகத்தைச் சரித்திரமாகப் படிக்காதீர்கள்.

கே: காதலித்ததற்காகவா கொன்றார்கள்?

ப: காதலைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்து அரண்மனையில் ஆசைநாயகி புதிதா என்ன? பயம் அவளுடைய அண்ணன் தம்பிகள்மேல். பக்கத்து ராஜ்யமான காஸ்டிலின் அரசியலில் ஊறிய காஸ்ட்ரோ குடும்பம் பெட்ரோவையும் அதில் இழுத்துவிடப் பார்த்தது. கான்ஸ்டன்ஸாவின் மகன் ஃபெர்னாண்டோ ஒருவன்தான் வாரிசு. இனெஸுக்கோ இரண்டு ஆண் பிள்ளைகள் உயிரோடு.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பெட்ரோவின் அப்பா நான்காம் அஃபோன்சோ, தன் தகப்பனார் வேறொருத்திக்குப் பெற்ற அஃபோன்சோ சான்செஸுக்கு அதிகச் செல்லம் கொடுக்கிறார் என்று இளம் வயதில் அவரோடு போரே நடத்தியவர். அந்தச் சான்செஸின் அல்புர்கெர்க் கோட்டையில் வளர்ந்தவள்தான் இனெஸ்! கிழவருக்குப் பழைய புண் உறுத்தாமல் இருக்குமா? 1355 ஜனவரி 7, மகன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கொல்ல உத்தரவு போனது. மகன் கலகம் செய்தான். அதே ஆண்டில் சமாதானமும் ஆனது.

கே: முடிசூடாவிட்டால் என்ன, சட்டப்படி ராணிதானே?

ப: 1360இல், அரசனான பிறகு, கான்டன்யேடில் வைத்துப் பெட்ரோ சத்தியம் செய்தார்: பிரகான்சாவில் ரகசியமாக மணந்தேன் என்று. ஒரு பிஷப்பும் ஒரு வேலைக்காரரும் சாட்சி. ஆனால் கல்யாணத் தேதி யாருக்கும் நினைவில்லை! லோபெஸுக்கே அங்கு சந்தேகம் தட்டுகிறது.

கே: (அதே வாசகர்) ராஜா சத்தியம் செய்தால் போதாதா? இனெஸின் கல்லறைச் சிலையில் தலையில் கிரீடம் இருக்கிறதே!

ப: சிலையைச் செய்யச் சொன்னதும் அதே ராஜாதானே ஐயா. இருவரும் நெருங்கிய உறவு, போப்பின் அனுமதி இல்லாமல் மணம் செல்லாது.

கே: (மறுபடியும் அவரே) செல்லாது என்றவர்கள் யோக்கியமா?

ப: சரி, இதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 1385இல் புது அரசனைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கோயிம்பிரா சபையில் அந்த மணம் செல்லாது என்று வாதாடியவர் ஜுவாவ் தஸ் ரெக்ராஸ் என்ற வக்கீல். இனெஸின் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு அவர் அரியணையில் ஏற்றிய, அவிஸ் என்ற போர்வீரத் துறவிகள் அமைப்பின் தலைவரான இன்னொரு ஜுவாவ் யார்? அதே பெட்ரோ இன்னொருத்திக்குப் பெற்ற, முறையற்ற மகன். வாதம் சரியாக இருக்கலாம், வக்கீலுக்குக் கட்சிக்காரர் உண்டு. இருந்தாலும் என் பதில் மாறாது: ராணி என்பது பெட்ரோவின் பேச்சு மட்டும்.

கே: கோயிம்பிரா தோட்டத்து ஊற்றில் இன்னும் இனெஸின் ரத்தக்கறை இருக்கிறதாமே?

ப: சிவப்புப் பாசி. கொலை நடந்ததும் அங்கே இல்லை, சாண்டா கிளாரா அரண்மனையில்.

கே: உயிர்த்தெழும்போது பெட்ரோவும் இனெஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் காலுக்குக் கால் நேராகக் கல்லறை வைத்தார்களா?

ப: முதலில் பக்கத்தில் பக்கமாகத்தான் இருந்தன. கதை பிறகு வந்தது.

கே: லிஸ்பனிலிருந்து அல்கோபாசாவுக்கு எந்த பஸ்?

ப: பயணப் பகுதியில் கேளுங்கள்.

கே: பிணத்துக்கு முடிசூட்டியது எந்த வருஷம்?

ப: இரண்டாவது பதில்.