கிளட்ச்சை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் டிரெய்லர் வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் ஏர் கிளட்ச்சில் ஓடுகிறது. விடியற்காலைக் குளிரில் எடுத்தாலும் ‘ஹோ’வென்று இரைகிறது, நிற்பதே இல்லை. டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது. பீன்யா ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் கிளட்ச்சையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— லாரி உரிமையாளர், யஷ்வந்த்பூர், பெங்களூரு

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபேனை எஞ்சினோடு சேர்த்தும் பிரித்தும் விடும் இந்த ஏர் கிளட்ச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் ஃபேனைப் பிடித்திருக்கும், காற்று வந்தால் விடும். மற்றதில் காற்று வந்தால்தான் பிடிக்கும். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கிளட்ச்சுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு ஃபேனைக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுகி நின்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் வகை. அதில் காற்று வந்து சேராவிட்டால் ஃபேன் ஓயாமல் சுற்றும். எஞ்சின் சூடேறிவிடக் கூடாதென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரிலிருந்து 6 முதல் 8 பார் அழுத்தம் வரை காற்றை நேராகக் கிளட்ச்சுக்குக் கொடுங்கள். ஃபேன் விடுபட்டுக் கையோடு சுற்றி, காற்றை எடுத்ததும் மறுபடி இறுகினால் கிளட்ச் நன்றாகவே இருக்கிறது. விடுபட்டாலும் ஹப்பின் முன்பக்கம் ‘உஸ்’ என்று கேட்டால் சீல் போயிருக்கிறது. சீல் கிட் போட்டாலே போதும். காற்று சரியாகப் போயும் விடவே இல்லை என்றால்தான் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும்.

கிளட்ச் தேறிவிட்டால் குற்றவாளி பின்னால் இருக்கிறது. குழாய் நெடுகிலும் சோப்பு நுரை தடவுங்கள். நைலான் குழாய் பிராக்கெட்டில் உரசும் இடத்தில் முட்டை முட்டையாக நுரை கிளம்பும். பிறகு கிளட்ச் அருகே ‘T’ இணைப்பு போட்டுக் காற்றழுத்த கேஜ் மாட்டுங்கள். காற்று டேங்கில் 8 பார் இருந்தும் அங்கே 4 காட்டினால் கிளட்ச் பாதி விட்டும் பாதி பிடித்தும் உரசும், லைனிங் (பிடிக்கும் உராய்வுப் பட்டை) கருகும். அந்த நாற்றத்தைப் பலர் பிரேக் என்று நினைத்துச் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள்!

கிளட்ச்சுக்குக் காற்றைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டில் ஓர் எச்சரிக்கை. 24 வோல்ட் வந்தால் காற்றை விடுவதும் உண்டு, அடைப்பதும் உண்டு. வயரிங் படம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏசி போட்டிருந்தால் ஃபேன் ஓடுவது இயல்பு, அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ஏசி பிரஷர் ஸ்விட்ச்சோ கூலன்ட் சென்ஸரோ கெட்டாலும் எஞ்சின் கணினி ஃபேனை ஓயாமல் ஓடவிடலாம்.

கேள்வி: எங்களுடையதும் ஸ்பிரிங் வகைதான். சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் மலைப்பாதை ஏறும்போது சூடு ஏறுகிறது, ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. ஏன்?
— ஓட்டுநர், கலாசிபாளையம்

பதில்: கிளட்ச்சில் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கலாம். சோலினாய்டின் எக்ஸாஸ்ட் துளையைப் பாருங்கள், சேறு அடைத்திருக்கும். அது சுத்தம் என்றால் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கும். டேங்க் வடிகாலைத் திறந்தால் எண்ணெய்த் தண்ணீர் வருகிறதா? வந்தால் ஏர் டிரையரையும் கம்ப்ரஸரையும் கவனியுங்கள், இல்லையேல் புது சீலும் ஊறிப்போகும்.

வழியில் மாட்டிக்கொண்டால் கிளட்ச் குழாயைக் கழற்றி, டேங்க் பக்க முனையை இறுக அடையுங்கள். திறந்தே விட்டால் பிரேக் காற்றும் சேர்ந்து போய்விடும். லைனிங் மிச்சம் இருந்தால் ஸ்பிரிங் ஃபேனைப் பிடித்துக்கொள்ளும், பெங்களூரு வந்து சேரலாம்.