ஒலிப்பக்கம்: எந்தப் பாட்டுக்கு எந்த ஹெட்போன்?

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சொந்த ஊர் திண்டுக்கல். போனஸ் பணத்தில் ஐம்பதாயிரம் ஒதுக்கி நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கப் போகிறேன். குத்துப்பாட்டு, ஹிப்ஹாப், மெட்டல், எண்பதுகளின் சினிமாப் பாட்டு எல்லாம் கேட்பேன், எதிலும் பேஸ் நன்றாக வேண்டும். ஆபீஸ் நண்பர்கள் சென்ஹைசர் ஹெச்டி 600 வாங்கச் சொன்னார்கள். கடையில் போட்டுக் கேட்டால் பேஸே இல்லாத மாதிரி இருக்கிறது. என் காதில் கோளாறா, இல்லை என் ரசனையே மட்டமா?
(எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை தம்பி. ஹெச்டி 600 1997-ல் வந்த மாடல், இன்றைக்கும் ஒரு பாடகரின் குரலை அவ்வளவு இயல்பாகக் கொடுக்கும் ஹெட்போன்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் அது ஓப்பன் பேக். கப்பின் வெளிப்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும், உள்ளே ஒலியை எழுப்புவது கூம்பு வடிவ டைனமிக் டிரைவர். ஒலியின் ஆழத்தை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒலி ஆழம். இந்த அமைப்பில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி தேய்ந்துகொண்டே வரும், 30 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஏதோ இருக்கிறது என்ற அளவில்தான் கேட்கும். நீங்கள் கேட்டது சரிதான், உங்கள் பாட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பேஸ் பிடிக்கும் என்று சொல்வதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2013 வாக்கில் தொடங்கி நிறையப் பேரை உட்கார வைத்துக் கேட்கச் செய்து ஆராய்ந்ததில், பெரும்பாலானவர்களுக்கு அடி ஒலி சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் பிடித்திருந்தது. ஸ்பீக்கரில் கேட்கும்போது அறையும் சேர்ந்து பேஸைக் கூட்டிக் கொடுக்கும், ஹெட்போனில் அந்த உதவி கிடையாது. அதனால்தான் காது அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

ஆனால் கடைக்குப் போய் 'பேஸ் நிறைய இருக்கிற மாடல் காட்டுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். பேஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அதில் மூன்று அடுக்கு இருக்கிறது. 20-லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை ஒரு அடுக்கு, காதில் விழுவதைவிட ஒரு அழுத்தமாக உணர்வதுதான் அதிகம். அதற்கு மேலே 120 வரை கிக் டிரம்மின் குத்து. அதற்கும் மேலே 250 வரை கனம், பாட்டுக்கு உடம்பு கொடுக்கும் பகுதி. பல ஹெட்போன்கள் இந்த மூன்றாவது அடுக்கைத்தான் ஊதிப் பெருக்கி 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று விற்கின்றன. முதல் பாட்டில் அசத்தலாக இருக்கும். ஆனால் ஆண் குரலின் அடிப்பகுதியும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பத்தாவது பாட்டில் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிடும்.

உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஹிப்ஹாப்பில் வரும் அந்த நீண்ட 'டூம்', 1980-ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் கிக் ஒலியை இழுத்து நீட்டியது. அது 40, 50 ஹெர்ட்ஸில் குடியிருக்கிறது, சில பாட்டில் இன்னும் கீழே போகும். அதற்கு முதல் அடுக்கு வேண்டும். எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார்தான் ராஜா. நாலு தந்தி கிட்டாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்கினாலும், அந்தப் பாட்டுகளில் பேஸ் தானே ஒரு தனி மெட்டாக ஓடும், பல்லவிக்குப் பதில் சொல்லும், சரணத்தில் வயலின்களுக்கு அடியில் நழுவி வேறு பக்கம் போகும். அங்கே அளவைவிடத் தெளிவு முக்கியம். தந்தியைச் சுண்டும் விரல், அடுத்த சுரம் வருமுன் முந்தையது நிற்பது, இதெல்லாம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மெட்டலில் இரட்டை கிக் ஓடும்போதும் இதே கதைதான், ஒவ்வொரு அடியும் நறுக்கென்று நிற்காவிட்டால் லாரி எஞ்சின் மாதிரி ஒரே உறுமலாகிவிடும். குத்துப்பாட்டு கொஞ்சம் பெருந்தன்மையானது, எதில் போட்டாலும் ஆடும்.

இத்தனைக்கும் ஒரே ஹெட்போன் என்றால் நான் ப்ளேனார் மேக்னடிக் பக்கம்தான் கை காட்டுவேன். கூம்பு வடிவ டிரைவருக்குப் பதில், மின்தடம் பதித்த மெல்லிய தாள் ஒன்று காந்தங்களுக்கு நடுவே முழுப் பரப்பும் ஒன்றாக அசையும். நன்றாகச் செய்த ப்ளேனாரில் பேஸ் 30 ஹெர்ட்ஸ் வரை தேயாமல் நேராக இறங்கும், ஓப்பன் பேக்காக இருந்தாலும் கூட. ஹைஃபைமேனின் எடிஷன் எக்ஸ்எஸ், அதைவிடச் சிறிய சுந்தரா, இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆடிஸி எல்சிடி-எக்ஸ் இன்னும் உயர்ந்த ரகம்தான், ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும், எடையும் 600 கிராமுக்கு மேல், ஹெச்டி 600-ஐப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கழுத்து வலிக்கு நான் பொறுப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பிஜி ரூமில் இருந்தால் ஓப்பன் பேக்கில் ஓடும் பாட்டு முழுவதும் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும். அப்படியானால் கப்பின் வெளிப்பக்கம் மூடிய க்ளோஸ்டு பேக்தான் வழி. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ பார்க்கலாம். பேஸ் தாராளம், மெத்தையும் சுகம். ஆனால் ட்ரபிள் என்கிற உச்ச ஒலி கூர்மை, பாடகி 'ஸ' சொல்லும்போது ஊசி குத்தும். எனக்கு ஒத்துவரவில்லை, பலருக்குப் பிடித்திருக்கிறது. மின்தடை அளவில் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை உண்டு, எண் ஏற ஏற ஓட்ட அதிக வலு வேண்டும், போனில் நேராகச் செருகப் போகிறீர்கள் என்றால் 250 வேண்டாம்.

கேட்டுப் பார்க்கப் போகும்போது கடைக்காரர் போடும் பாட்டில் மயங்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டைக் கொண்டு போங்கள், அதில் ஒன்று குரல் மட்டும் முன்னால் நிற்கும் பாட்டாக இருக்கட்டும். வால்யூமை நீங்களே வையுங்கள். சில வருடம் முன்னால் இதே பெங்களூரில் ஒரு கடையில் இரண்டு மாடலை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள், விலை கூடியது என்னமோ உயிரோடு இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது, ஒவ்வொரு முறை அதை மாட்டும்போதும் விற்பனையாளரின் கட்டைவிரல் வால்யூம் சக்கரத்தைத் துளி மேலே தள்ளியது. கொஞ்சம் சத்தம் கூடினாலே காதுக்கு அது நல்ல ஒலியாகத் தெரியும், பேஸும் கூடினதாகத் தோன்றும். பெட்டியில் '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த ஓரங்களில் எவ்வளவு டெசிபல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லாத வரை அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: நல்ல விலை கொடுத்து க்ளோஸ்டு பேக் ஹெட்போன் வாங்கினேன். எனக்கு பேஸ் சன்னமாகக் கேட்கிறது, என் தங்கை மாட்டிக் கேட்டுவிட்டு 'அக்கா, தலையே அதிருது' என்கிறாள். நான் கண்ணாடி போடுகிறவள், அவள் போடுவதில்லை. இதில் ஏதாவது தொடர்பு உண்டா?
(பானஸ்வாடி வாசகி)

பதில்: பதிலை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே போகும் இடத்தில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, முன்னும் பின்னும் மெல்லிய இடுக்கு விடுகிறது. அடி பேஸ் என்பது கப்புக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம். இடுக்கு வழியாக அது வெளியேறிவிடும், மேல் ஸ்வரங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் பாட்டு தெளிவாகவும் சன்னமாகவும் கேட்கிறது.

இப்போதே சோதித்துப் பாருங்கள். பேஸ் உள்ள பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அடி ஒலி சட்டென்று வந்து நின்றால் அடைப்புதான் குறை, ஹெட்போன் நன்றாகவே இருக்கிறது. காம்பு மெலிதான ஃபிரேம் ஒன்றை வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மெத்தையை இன்னும் மிருதுவான, தடித்த ரகமாக மாற்றுங்கள். மெத்தை மாறினால் ஒலியும் கொஞ்சம் மாறும், அதையும் கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கொண்டையை வாகாகப் பின்னால் தள்ளிக்கொள்வதும் உதவும், காதுக்கு முன்னால் முடிக்கற்றை ஒன்று மாட்டினாலே போதும், இதே கதைதான்.

கேள்வி: ஓய்வு பெற்றவன், இரவு பத்து மணிக்கு மேல் கச்சேரிப் பதிவுகள் கேட்பது பழக்கம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் ஹெட்போனில் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கும் பேஸ் ஹெட்போன்தான் வேண்டுமா?
(ஜெயநகர் வாசகர்)

பதில்: வேண்டாம் சார். மேலே தம்பிக்குப் பொருந்தாது என்றேனே, அதே ஹெச்டி 600 உங்களுக்குத்தான்.

கச்சேரியில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக வேலையே இல்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்பூராவில் மந்தர சட்ஜத் தந்தியே 65 ஹெர்ட்ஸ் அளவில்தான். தொப்பிக்கும் அடியாழம் தேவையில்லை, தேவை வேறு. கச்சேரிக்கு முன் மேடைக்குப் பின்னால் பார்த்திருப்பீர்களே, தண்ணீரில் பிசைந்த ரவையை வித்வான் தொப்பித் தோலின் நடுவே வட்டமாக அப்பி, ஒரு தட்டு தட்டி, துளி கிள்ளி எடுத்து, மறுபடி தட்டி... அந்த ஈரக் கனம்தான் இடப்பக்கத்தைக் கீழே இறக்குகிறது. கும்கி போடும்போது உள்ளங்கை அழுந்தி ஸ்வரம் வளைந்து ஏறுவதையும் நீங்கள் கேட்க விரும்புகிறீர்கள். வலப்பக்கமான வலந்தலையில் கருஞ்சாதம் என்ற கறுப்புப் பூச்சு இருப்பதால் அதில் எழும் முதல் ஐந்து ஹார்மோனிக் ஸ்வரங்கள் சுருதியோடு ஒத்து நிற்கின்றன என்பதை சி.வி. ராமன் விளக்கி எழுதிய கட்டுரை 1934-ல் வந்தது, அதற்கு முந்தைய வருடம்தான் அவர் இந்த ஊருக்கு, இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்திருந்தார். பேஸைத் தூக்கிய ஹெட்போனில் அந்த ஒத்திசைவு முழுக்கக் குழம்பிப்போகும்.

உங்களுக்குத் தொப்பி வராததற்கு இரவு நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைப்பீர்கள், குறைந்த சத்தத்தில் நம் காது அடி ஒலியைத்தான் முதலில் விட்டுவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். ஈக்வலைஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று, நான்கு டெசிபல் ஏற்றுங்கள், அதே அளவு மொத்த ஒலியைக் குறையுங்கள், இல்லையென்றால் உரத்த இடங்களில் கரகரக்கும். அப்புறம் ஒன்று, ஹெச்டி 600 300 ஓம், போன் மட்டும் போதாது, ஒலியைப் பெருக்கும் சிறிய ஆம்ப் ஒன்றும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய சபா பதிவுகளில் மைக்கே தொப்பியை வாங்கியிருக்காது, அதை எந்த ஹெட்போனாலும் கொண்டுவர முடியாது.

கேள்வி: தினமும் வெளிவட்டச் சாலையில் ஒன்றரை மணி நேரம் பஸ். ப்ளூடூத்தா, ஒயரா?
(மாரத்தஹள்ளி வாசகர்)

பதில்: பஸ்ஸுக்கு ப்ளூடூத், அதுவும் இரைச்சலை அடக்கும் வசதி உள்ளதாக. எஞ்சின் உறுமலும் பாட்டின் பேஸும் ஒரே அலைவரிசையில் மோதுகின்றன, உறுமல் பேஸை விழுங்கிவிடும், நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள். இரைச்சல் அடக்கும் நுட்பம் கீழ் ஸ்வரங்களில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் பேஸ் தானாகத் திரும்பக் கிடைக்கும். ப்ளூடூத்தில் பாட்டை அனுப்பும் எல்டிஏசி என்ற முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பதெல்லாம் உண்மைதான், சில்க் போர்டு சிக்னலில் உங்களுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. ஒயரும் ஆம்ப்பும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரி போகும் மகன் எந்நேரமும் ஹெட்போனில் பேஸ் ஏற்றிக் கேட்கிறான். எவ்வளவு வரை அனுமதிக்கலாம்?
(அல்சூர் வாசகி)

பதில்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 90-ஐ எட்டினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஹெட்போன் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை வையுங்கள். கேட்டு முடித்த பிறகு காதில் 'ங்ஙீ' என்று ரீங்காரம் இருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். இருந்தால் இந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் அம்மா, தள்ளிப்போட வேண்டாம்.