பாஃபானாவின் வேகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் தூனி என்ற சீட்டாட்டம் ஆடுவது வழக்கம். இப்போது இரண்டு வாரமாகச் சீட்டுக்கட்டை யாரும் தொடவே இல்லை. பேச்செல்லாம் நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியான பாஃபானா பாஃபானாவைப் பற்றித்தான். ஆப்பிரிக்கக் கோப்பையில், பத்துப் பேராகிப்போன எகிப்துக்கு எதிராக ஒரு கோல்கூடப் போட முடியாமல் தோற்றோம். பிறகு கேமரூனிடம் 2-1 என்று தோற்று வெளியேறினோம். மாமாவுக்கு வயது 71. "இது நடைப்பயிற்சி. 1996-இல் நம்மிடம் வேகம் இருந்தது, ஆப்பிரிக்கக் கோப்பையும் வந்தது. இன்று பின்னுக்கும் பக்கத்துக்கும் பாஸ் கொடுத்தே நேரத்தைக் கரைக்கிறார்கள். வேகமாக ஓடும் பையன்கள் இரண்டு பேரை ஓரங்களில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்கா மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை. பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரணியால் கோல் போட முடியாது, பயிற்சியாளர் ஹியூகோ ப்ரூஸ் செய்வது சரி, வேகம் வேகம் என்பது பழைய காலத்துப் பேச்சு என்கிறான். சென்ற வாரம் மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

நம் ஊர்க் கால்பந்துச் சங்கமான மேனிங் ரேஞ்சர்ஸின் காலத்து ஆட்டங்களை நேரில் பார்த்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். நம் அணியிடம் உண்மையிலேயே வேகம் இல்லையா? இதே ஆட்டத்தோடு 2026 ஜூன் மாதம் உலகக் கோப்பைக்கு மெக்சிகோ போனால் என்ன ஆகும்?

வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்

*

அன்புள்ள தம்பி,

முதலில் மாமாவைச் சமாதானப்படுத்திச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து வாருங்கள். நோயை அவர் சரியாகக் கண்டிருக்கிறார். அவர் சொல்லும் மருந்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு எகிப்து ஆட்டத்தின் இரண்டாம் பாதியை மறுபடியும் பார்த்தேன். 2025 டிசம்பர் 26, மொராக்கோவின் அகாடிர். இடைவேளைக்குச் சற்று முன் சலாவின் பெனால்டி கோல். அடுத்த சில நிமிடங்களில் எகிப்தின் தற்காப்பு வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. இடைவேளைக்குப் பின் வந்த எகிப்து, கோல் போடும் ஆசையை ஏறக்குறைய விட்டுவிட்டு, தன் பெனால்டி கட்டத்தின் முன்னால் ஆட்களைச் சுவராக நிறுத்திவிட்டது. மாமா கேட்கும் இரண்டு பையன்களை அங்கே இறக்கியிருந்தால் எந்தப் பக்கம் ஓடியிருப்பார்கள்? ஓடுவதற்குத் தற்காப்பு வரிசையின் பின்னால் வெறும் நிலம் கிடக்க வேண்டும். அந்த வரிசையின் பின்னால் கோல் காப்பாளரும் கோல் கம்பமும்தான் இருந்தன. ஒரு வீரரை இழந்த அணியை உடைப்பது சில நாட்களில் முழு அணியை உடைப்பதைவிடக் கடினமாகிவிடுவது இதனால்தான். அது முன்னேறி வருவதில்லை, ஆகவே பின்னால் இடமும் விடுவதில்லை.

ஆனால் மாமாவின் கண்ணுக்கு ஆட்டம் மெதுவாகத் தெரிந்ததே, அது பொய்யில்லை. வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குப் பந்து போய்ச் சேரும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் பந்தை நிறுத்துகிறார். தலையைத் தூக்கிப் பார்க்கிறார். காலுக்கு வசதியாகப் பந்தை ஒருமுறை உருட்டிக்கொள்கிறார். அதன் பிறகுதான் பாஸ். அடுத்தவரும் அதையே செய்கிறார். பந்து மறு ஓரத்துக்கு வருவதற்குள் எதிரணியின் வரிசை ஓடக்கூட வேண்டியதில்லை, நடந்தே வந்து அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். வினாடிக்குப் பத்தரை மீட்டர்கூட முழுதாக வரவில்லை. பள்ளி மாணவன் ஓங்கித் தட்டும் பாஸ் அதைவிட விரைவாகப் போகும். பந்தைத் துரத்தி வெல்லும் கால் இந்த உலகில் இல்லை. அப்படிப்பட்ட பந்தை ஒவ்வொரு காலடியிலும் நிறுத்தி இளைப்பாற விட்டால் அதன் வேகத்தை நாமே எதிரிக்குத் தானம் செய்கிறோம். நம் அணியில் மெதுவாக இருப்பது அந்த மூன்றாவது தொடுதல்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. பகலில் பஸ் ஓட்டுவார், மாலையில் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார். வெஸ்ட்கிளிஃப் குடியிருப்புகளுக்கு நடுவே துணி காயப்போடும் கொடிகளுக்குக் கீழே ஒரு சிமெண்ட் தரை. அதில் சாக்குக்கட்டியால் ஒரு சதுரம் போடுவார். எட்டுப் பேர் உள்ளே. ஒருவனுக்கு இரண்டு தொடுதல்தான். மூன்றாவது முறை பந்தைத் தொட்டவன் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார வேண்டும். தெருவிலேயே விரைவாக ஓடும் பையன் நான்தான், முதல் மாதம் முழுவதும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். "பந்து வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பு. பந்து வந்த பிறகு திரும்பினால் நீ தாமதம்" என்பார். அந்த ஒரு பழக்கம் படிவதற்கு ஆறு மாதம் ஆனது. அதன் பிறகு, என்னைவிட மெதுவாக ஓடும் பையன்களும் என்னைத் தாண்டிப் போவது எப்படி என்று எனக்குப் புரிந்தது.

இனி 96. மாமாவிடம் ஒன்று கேளுங்கள். அன்றைய நடுக்கள வீரர் 'டாக்டர்' குமாலோ வேகமாக ஓடி மாமா எப்போது பார்த்தார்? பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு அவர் நின்றால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவருடைய சக வீரர் மொஷோயு ஓடுவது தண்ணீர் வழிவதுபோல இருக்கும், அவசரமே தெரியாது. கானாவுக்கு எதிரான அரையிறுதியில் அடித்த மூன்று கோல்களில் இரண்டு அவருடையவை. அந்த அணி வேகமாகத் தெரிந்ததற்குக் காரணம், குமாலோ பந்தை விடும் கணத்தில் அடுத்தவர் ஏற்கெனவே புறப்பட்டிருப்பார் என்பதே.

இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1996 பிப்ரவரி 3, ஜோகன்னஸ்பர்க்கின் எஃப்.என்.பி. அரங்கம், எதிரணி துனீசியா. மார்க் வில்லியம்ஸ் தொடக்கத்தில் களத்திலேயே இல்லை. ஒரு மணி நேரம் தாண்டிய பிறகுதான் அன்றைய பயிற்சியாளர் கிளைவ் பார்க்கர் அவரை இறக்கினார். 73-ஆவது நிமிடத்தில் ஒரு கோல், 75-இல் இன்னொன்று. தூனி ஆடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜேக் 30 புள்ளி, ஆட்டத்திலேயே பெரிய சீட்டு. கையில் வந்துவிட்டதே என்பதற்காக முதல் சுற்றிலேயே அதைக் கீழே போடுபவரை நம் வீடுகளில் யாரும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

அந்தத் துனீசியா, மூன்று நாள் முன்புதான் நம் டர்பனில், கிங்ஸ் பார்க்கில், சாம்பியாவை 4-2 என்று வென்றது. நான் அன்று அங்கே இருந்தேன். கடல் மட்டத்தில் சிறகு முளைத்ததுபோல ஆடினார்கள். மூன்றே நாளில் ஜோகன்னஸ்பர்க்கின் 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏறிப்போய், முதல் நிமிடத்திலிருந்து பந்தைத் துரத்தினார்கள். கடைசி அரை மணி நேரத்தில் அவர்களுடைய கால்கள் கனத்துப்போனதில் மெலிந்த காற்றுக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். களைத்துப்போன தற்காப்பு வரிசைக்கு எதிராகப் புதிய கால்களை இறக்கியது பார்க்கரின் கணக்கு. டர்பனில் வாழ்ந்த மனிதர், கடற்கரைக் காற்றும் மேட்டுநிலக் காற்றும் அவருக்குத் தெரியும். 2023-இல் அவர் இறந்தபோது என் வீட்டில் ஒருவர் போனதுபோல் இருந்தது.

உங்கள் அக்கா மகனுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பந்து நம்மிடம் இருந்தால் ஆபத்தில்லை என்பது பாதி உண்மைதான். கேமரூனோடு ஆடிய அன்றும் பந்து அதிக நேரம் நம் காலில்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பியது யார்? அவர் 2024 ஜனவரி 30-ஆம் தேதி ஆட்டத்தைத் தேடிப் பார்க்கட்டும். முந்தைய ஆப்பிரிக்கக் கோப்பையில், ஐவரி கோஸ்ட்டின் சான் பெத்ரோவில், மொராக்கோவை 2-0 என்று வென்றோம். உலகக் கோப்பை அரையிறுதி வரை போய்வந்த மொராக்கோ. நமக்கு அதே ப்ரூஸ்தான் பயிற்சியாளர். அதே மாமெலோடி சன்டவுன்ஸ் சங்கத்து வீரர்களை நம்பி அமைந்த நடுக்களம்தான். முதல் கோலுக்கு எவிடன்ஸ் மக்கோப்பாவுக்குப் பந்தை வழிவிட்டுக் கொடுத்தவர் தெம்பா ஸ்வானே. அப்போது அவருக்கு 34 வயது, ஓட்டப் பந்தயத்தில் யாரையும் வெல்லக்கூடியவர் இல்லை. மொராக்கோ நம்மை நசுக்க முன்னேறி வந்தது, பின்னால் நிலம் விட்டது, ஸ்வானே அந்த நிலத்தைப் பார்த்தவுடன் பந்தை விட்டார். அன்று நம் அணியை மெதுவான அணி என்று யாரும் சொல்லவில்லை. ஓர் அணியின் வேகத்தில் பாதியை எதிரணி விடும் இடம்தான் தருகிறது. மீதிப் பாதி, அந்த இடம் மூடிக்கொள்வதற்கு முன் பந்தை அனுப்பும் துணிவு. பந்தை வைத்திருப்பதே பாதுகாப்பு என்று வீரர்களின் மனதில் ஊறிப்போனால் முதலில் சாவது அந்தத் துணிவுதான். எகிப்துக்கு எதிராக எனக்கு வலித்தது அதுதான். தோற்றால் தோற்கிறோம் என்று வெளியிலிருந்து ஓங்கி அடிக்கவும், ஒரே பாஸில் ஓரத்தை மாற்றவும் ஆட்கள் தயங்கினார்கள்.

மேனிங் ரேஞ்சர்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1928-இல் தொடங்கிய சங்கம். நிறவெறி ஆட்சியில் நம்மவர்கள் வேறு நல்ல மைதானங்களில் கால்வைக்க முடியாத காலத்தில் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்து மண்ணில் வளர்ந்த கால்பந்தின் பிள்ளை. பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே, 1996-97-இல், சீஃப்ஸ், பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்ற பெரிய சங்கங்களைத் தாண்டிச் சாட்ஸ்வொர்த்துக்குக் கோப்பையைக் கொண்டுவந்தது. 1998-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போனது. நான் பார்த்தவரை அந்த அணியில் வேகத்துக்குப் பேர்போன ஆள் என்று யாரும் இல்லை. பந்து எதிரணியிடமிருந்து பறிபோகும் நொடியில் எங்கே போக வேண்டும் என்று பதினொருவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பயிற்சியாளர் கோர்டன் இகேசண்ட் பிறகு பைரேட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று சங்கங்களோடு அதே லீக்கை வென்றார். கையில் இருக்கும் வீரர்களைப் பார்த்து ஆட்டத்தை அமைத்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சங்கம் பின்னர் விற்கப்பட்டு கேப் டவுனுக்குப் போய், பெயரும் அழிந்தது. சாட்ஸ்வொர்த் அரங்கத்தைக் கடந்து பஸ்ஸில் போகும்போது நான் இன்றும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். உங்கள் மாமாவின் கோபத்தில் அந்த இழப்பும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்கென்று பேசச் சங்கம் இல்லாததால் எல்லாவற்றையும் பாஃபானாவின் மேல் ஏற்றிப் பேசுகிறோம்.

மெக்சிகோவுக்கு வருகிறேன். 2010 ஜூன் 11, எஃப்.என்.பி. அரங்கம், உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், மெக்சிகோவுக்கு எதிராக ஷபலாலா அடித்த கோலை யாரும் மறக்கவில்லை. நம் பாதியிலிருந்து சில பாஸ்கள், யாரும் பந்தோடு நிற்கவில்லை, இடது பக்கம் திறந்துகொண்டது, அடித்தார். பதினாறு வருடம் கழித்து அதே தேதியில், அதே அணிக்கு எதிராக, மறுபடியும் முதல் ஆட்டம். இந்த முறை அவர்கள் ஊரில், 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் அஸ்டெகா அரங்கத்தில். மெக்சிகோ எகிப்தைப்போல் சுவர் வைத்து நிற்காது. சொந்த மக்கள் முன்னால் நிற்கவும் முடியாது, முன்னேறி வந்தே ஆக வேண்டும். வந்தால் பின்னால் நிலம் திறக்கும். மாமா கேட்கும் ஓட்டக்காரர்களுக்கு அதுதான் ஏற்ற ஆட்டம். அப்பாலிஸுக்கும் மொஃபோகெங்குக்கும் அங்கே வேலை இருக்கிறது.

நான் ப்ரூஸின் இடத்தில் இருந்தால் அவர்களில் ஒருவரையாவது 60 நிமிடம் வரை உட்கார வைத்திருப்பேன். அந்த உயரத்தில் தொடக்கத்திலிருந்து துரத்தும் அணி எதுவானாலும் கடைசியில் மூச்சு வாங்கும். நம் வீரர்களில் பலர் ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் ஆடிப் பழகியவர்கள், மெலிந்த காற்றில் பந்து எப்படி விரைந்து போகும் என்று அறிந்தவர்கள். அந்த நன்மையை முதல் அரை மணி நேரத்தில் ஓடியே செலவழித்துவிடக் கூடாது.

ஆட்டம் நமக்கு இரவு 9 மணிக்கு. மாமாவையும் அக்கா மகனையும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார வையுங்கள். நம் நடுக்கள வீரர் டெபோஹோ மொகோயெனாவுக்குப் பந்து வரும் ஒவ்வொரு முறையும், அதை விடுவதற்கு முன் எத்தனை முறை தொடுகிறார் என்று மாமா எண்ணட்டும். பந்து வருவதற்கு முன் அவர் தலையைத் திருப்பினாரா என்று அக்கா மகன் பார்க்கட்டும். முதல் 20 நிமிடத்துக்கு மட்டும் போதும். இரண்டு பேரும் எழுதிவைத்த எண்களை மறுநாள் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.