ஷோரூம் தந்த சின்னக் கார்கள்

கேள்வி: பழைய அமெரிக்கக் கார்களின் ‘புரோமோ’ (விளம்பர) மாதிரிகளுக்கு ஏன் இத்தனை கிராக்கி? 1950களில் வந்தவற்றில் பல வளைந்து கிடக்கின்றனவே, வெயில்பட்டா?

பதில்: அவை பொம்மைகள்தான்; ஆனால் பொம்மைக் கடைக்காகப் பிறந்தவை அல்ல. ஆண்டுதோறும் காரின் முகப்பையும் வாலையும் மாற்றி விற்ற டெட்ராய்ட் நிறுவனங்களுக்காக ஏ.எம்.டி., ஜோ-ஹான் போன்ற மாதிரி தயாரிப்பு நிறுவனங்கள் புது மாடல்களை 25இல் ஒரு பங்கு அளவில், அசல் காரின் வண்ணத்திலேயே செய்து கொடுக்க, அவை ஷோரூம்களுக்குப் போயின. அப்பா விலை பேசும்போதே பிள்ளையின் கையில் ஒன்று வந்துவிட்டால், வீட்டில் நச்சரிக்க ஆள் தயார்! கிரில்லின் கம்பிகளும் சக்கர மூடியின் வடிவமும்கூடப் பிசகாத அந்த நுணுக்கத்துக்குத்தான் இன்றைய விலை என்பது என் எண்ணம்.

வளைவுக்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏ.எம்.டி. முதலில் அலுமினியத்தில் வார்த்தது. பின்னர் வந்த செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக், அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேறுவதால், அலமாரிக்குள் இருந்தாலும் சுருங்கி, பானெட்டும் டிக்கியும் முறுக்கிக்கொள்ளும். 1960களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகே இந்தத் தொல்லை ஓய்ந்தது. ஆகவே, உயர்ந்த வால் துடுப்புகளோடு வளையாமல் நிற்கும் 1959 காடிலாக் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். வளைந்ததைச் சூடுகாட்டி நிமிர்த்தவும் முயலாதீர்கள்.