நாடகம் கேள்வி பதில்: லாச்சப்பலில் ஒரு லண்டன்காரர்

சென்ற இதழில் நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

கேள்வி: இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் போட்டுக் கொடிகட்டிப் பறந்தவர் பீட்டர் புரூக். அப்படிப்பட்டவர் ஏன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிரான்ஸுக்குப் போனார்? — வாசகர், திருச்சி

எட்ட வேண்டிய உயரத்தையெல்லாம் அங்கே எட்டிவிட்டார் என்பதுதான் என் எண்ணம். 1925-ல் லண்டனில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே கோவென்ட் கார்டன் ஓபராவில் தயாரிப்புகளுக்கு இயக்குநர். 1955-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் அவருடைய ‘டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ்’ போட்டார். லாரன்ஸ் ஒலிவியே கதாநாயகன். விவியன் லீ நடித்த லவீனியாவின் நாக்கையும் கைகளையும் வெட்டிவிடுவார்கள். அவள் மேடைக்கு வரும்போது ரத்தம் பூசியிருக்கவில்லை. வாயிலிருந்தும் மணிக்கட்டுகளிலிருந்தும் சிவப்பு ரிப்பன்கள் தொங்கின, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

1970-ல் அதே ஊரில் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’. காட்டில் நடக்கிற கதை, ஆனால் மேடையில் ஒரு மரம்கூட இல்லை. மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர், சர்க்கஸ் ஊஞ்சல்கள். மந்திரப் பூவுக்குப் பதில் குச்சி நுனியில் சுழல்கிற ஒரு தட்டு. இங்கிலாந்தும் அமெரிக்காவும் கொண்டாடித் தீர்த்தன. அந்த வருடமே அவர் மிஷெலின் ரோசான் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து பாரிஸில் ஒரு நாடக ஆய்வு மையத்தைத் தொடங்கிவிட்டார். ஜப்பானிலிருந்து யோஷி ஓய்தா வந்தார். வேறு பல நாடுகளிலிருந்தும் நடிகர்கள் வந்து சேர்ந்தார்கள்.

லண்டனில் திரை விலகும் முன்பே பார்வையாளருக்குக் கதை தெரியும், மொழி தெரியும், எங்கே கைதட்ட வேண்டும் என்பதும் தெரியும். இது எதுவுமே தெரியாத ஆட்கள் முன்னால் ஒரு கதை தன் காலில் நிற்குமா? அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: மகாபாரதத்தை ஒரு வெள்ளைக்காரர் நாடகமாக்கினாராம். திரௌபதியைத் தவிர முக்கிய வேடங்களில் இந்தியர்கள் இல்லையாம். இதை நாம் எப்படி ஏற்றுக்கொள்வது? — வாசகி, மதுரை

உங்கள் கோபம் புரிகிறது, அம்மா. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

1985 ஜூலையில், அவிஞ்ஞோன் நாடக விழாவுக்காக, பூல்போன் என்ற இடத்தில் ஒரு கல் குவாரியில் அந்த நாடகத்தைப் போட்டார்கள். ஒன்பது மணி நேரம். ஒரே இரவில் தொடங்கி விடியும்வரை ஆடியதும் உண்டு. நம் பாரதக் கூத்தும் விடியவிடியத்தானே நடக்கிறது. எழுதியவர் பிரெஞ்சுக்காரர் ஜான் குளோத் காரியேர். பிறகு அதையே ஆங்கிலத்தில் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். மேடை நாடகம் இந்தியாவுக்கு மட்டும் வரவே இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

நான் பார்த்தது 1989-ல் வந்த படத்தைத்தான். பாரிஸில் ஓர் அறையில் ஏழு பேர் தங்கியிருந்த காலம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கேசட்டை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துப் பார்த்தோம். எங்களில் மூத்தவர் மட்டக்களப்பில் வடமோடிக் கூத்தில் வீமனாக ஆடியவர். பீஷ்மராக ஓர் ஆப்பிரிக்கர் வந்ததும் “இதென்ன கூத்து!” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அப்புறம் துரோணர் சாகிற கட்டம் வந்தது. துரோணராக யோஷி ஓய்தா. மகன் இறந்துவிட்டான் என்று கேட்டதும் ஆயுதத்தைப் போட்டுவிட்டு உட்காருகிறார். ஒரு குடத்தை எடுத்துச் சிவப்புத் தண்ணீரைத் தன் தலையில் தானே கவிழ்த்துக்கொள்கிறார். சாவு அவ்வளவுதான். மூத்தவர் எழுந்து உட்கார்ந்து, “தம்பி, அந்த இடத்தைத் திரும்பப் போடு” என்றார். மூன்று தடவை போட்டோம்.

முன்பு சொன்ன ரிப்பனையும் இந்தக் குடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் முப்பது வருடம். இரண்டிலும் உங்கள் கண்ணை நம்பி அவர் பாதி வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறார்.

பீஷ்மராக நடித்த சோத்திகி குயாத்தே சாதாரண நடிகர் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக வம்ச வரலாற்றைப் பாடியும் சொல்லியும் வருகிற கிரியோ குலத்தில் வந்தவர். ஒரு குலத்தின் கதை முழுவதையும் சுமந்துகொண்டு அம்புப் படுக்கையில் கிடக்கும் கிழவனுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இந்திய விமர்சகர் ருஸ்தம் பருச்சா இந்த நாடகத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். கதையை அது பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். பாதிக்கு மேல் நான் அவர் பக்கம்தான். கீதையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறார்கள். சாதியும் தர்மமும் பின்னிக் கிடக்கிற இடங்களில் படம் அவசரமாக நழுவிப் போகிறது. ஏகலைவன் கதையை நம் ஊரில் ஒருவர் சொல்லும்போது தொண்டை அடைக்குமே, அந்த அடைப்பு இதில் இல்லை. ஆனாலும் மல்லிகா சாராபாயின் திரௌபதிக்காகவும் அந்தக் குடத்துக்காகவும் பாருங்கள், பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

கேள்வி: அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? — வாசகர், வவுனியா

பேசியதில்லை. ஆனால் அவருடைய தியேட்டரைத் தாண்டித்தான் பல வருடம் வேலைக்குப் போனேன். பாரிஸில் லாச்சப்பல் என்றால் நம்மவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மரக்கறிக் கடை, நகைக் கடை, புடவைக் கடை எல்லாம் தமிழில் பெயர்ப்பலகை போட்ட இடம். மெத்ரோ நிலையத்திலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரத்தில் பூஃப் து நோர் தியேட்டர். 1876-ல் கட்டியது. 1952-ல் மூடிப் பாழடைந்து கிடந்ததை 1974-ல் புரூக் திறந்தார். சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை. காரை உதிர்ந்த இடமும் கறை படிந்த இடமும் அப்படியே இருக்கின்றன. மேடையை முன்னால் இறக்கி, ஆட்கள் உட்காரும் தரையோடு சேர்த்துவிட்டார்.

டிக்கெட் அதிக விலை இல்லை என்று கேள்விப்பட்டு, 2000-ல் முதல்முறை உள்ளே போனேன். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’, டென்மார்க் இளவரசன் கதை. தரையில் ஒரு விரிப்பு, சில மெத்தைகள், ஓரமாக உட்கார்ந்து வாசிக்கும் ஒருவர். ஒஃபீலியாவாக வந்த பெண்ணின் கையசைவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நம் நடனக் கை. வெளியே வந்து நிகழ்ச்சித் தாளைப் படித்தால் சாந்தலா சிவலிங்கப்பா என்று பெயர். சென்னையில் பிறந்து பாரிஸில் வளர்ந்த குச்சிப்புடிக் கலைஞர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கதவுக்கு வெளியே கத்தரிக்காய் விலை பேசுகிற நம் சனம், உள்ளே டென்மார்க் அரண்மனையில் ஒரு சென்னைப் பெண். அன்றைக்கு மெத்ரோ பிடிக்காமல் நடந்தே அறைக்குப் போனேன்.

புரூக் 2022 ஜூலையில், 97 வயதில், பாரிஸில் காலமானார். அதற்கு முந்தைய வருடம் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்திருந்தது. தியேட்டர் இன்றும் நடக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு லாச்சப்பல் வருகிறவர்கள் அந்தப் பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் நாடகம் போடுகிறோம். செட்டுக்கும் லைட்டுக்கும் காசில்லை. புரூக்கிடமிருந்து நாங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்? — மாணவர், திருநெல்வேலி

கம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

1972 டிசம்பரில் அவர் தன் நடிகர்களோடு சகாரா பாலைவனத்தைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குள் போனார். ஹெலன் மிர்ரனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஊருக்குள் போவார்கள், அனுமதி கேட்பார்கள், ஒரு கம்பளத்தை விரிப்பார்கள். அதுதான் மேடை. திரை இல்லை, பொது மொழியும் இல்லை. அல்ஜீரியாவில் முதல் ஊரிலேயே என்ன செய்வதென்று முன்கூட்டித் திட்டம் இல்லை. யாரோ ஒருவர் புழுதி படிந்த ஒரு ஜோடி பூட்ஸைக் கம்பளத்தின் நடுவில் வைத்தார். கூட்டம் மொத்தமும் அதையே பார்த்தது. பிறகு ஒவ்வொரு நடிகராக வந்து அதைப் போட்டுக்கொண்டு வேறு வேறு ஆளாக மாறினார்கள். அங்கிருந்து ஒரு நாடகம் பிறந்தது. எல்லா ஊரிலும் இப்படிக் கைகூடியது என்று நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் எடுபடவில்லை. அதையும் அவர் மறைக்கவில்லை.

நாளைக்கு ஒத்திகையில் ஒரு பாயை விரியுங்கள். யாருடைய செருப்பையாவது நடுவில் வையுங்கள். யாரும் பேசக் கூடாது. முதலில் யார் எழுந்து போகிறார், போய் அதை என்ன செய்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.