எல்சி திறந்துவிட்டால் பணம் பத்திரமா? இறக்குமதியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 22 ஆண்டுகள் எல்சி ஆவணங்களைச் சரிபார்த்தவன் நான். எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது, கேட்ட ஆவணங்களை விற்பவர் சரியாகக் கொடுத்தால் அவருக்குப் பணம் தருவதாக, வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி. வெளிநாட்டுச் சரக்கு வாங்குவோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பண்ருட்டி, முந்திரி ஆலை: ஐயா, ஐவரி கோஸ்ட்டிலிருந்து முதன்முறையாக முந்திரிக்கொட்டை வாங்குகிறேன். எல்சி திறந்தால் தரமான கொட்டை வந்துவிடும் என்கிறார் தரகர். நம்பலாமா?

அப்படி நம்பிவிடாதீர்கள் தம்பி. வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டுமே. மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது வங்கியின் வேலையே இல்லை என்று எல்சிக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600இன் 5ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உங்களுக்கு எதில் பயமோ, அதையே ஒரு சான்றிதழாக எல்சியில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் தொழிலில் பயம் அவுட்டர்னில், அதாவது ஒரு மூட்டைக் கொட்டையில் கிடைக்கும் நல்ல பருப்பின் அளவில்தானே? ஒரு கிலோ கொட்டையை வெட்டினால் நல்ல பருப்பு 270 கிராம் கிடைக்கிறது என்று வையுங்கள். 80 கிலோ மூட்டைக்கு அது ஏறக்குறைய 47.6 பவுண்டு. வருவது 42 என்றால் பருப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. எனவே அவுட்டர்ன் 47 பவுண்டுக்குக் குறையக்கூடாது, ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கன்டெய்னரில் ஏற்றும்போதே மாதிரி எடுத்திருக்க வேண்டும் என்று எண்களோடு எழுதச் சொல்லுங்கள்.

சான்றிதழை யார் தர வேண்டும் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். யார் என்று குறிப்பிடாவிட்டால், விற்பவரே தன் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்தாலும் வங்கி ஏற்றுக்கொள்ளும். "சுயேச்சையான நிறுவனம்" என்று எழுதினாலும் போதாது. 3ஆம் பிரிவின்படி அந்தச் சொல் விற்பவரை மட்டுமே விலக்குகிறது. அவருடைய மைத்துனர் நடத்தும் நிறுவனத்தை விலக்காது.

முடிந்தால் விலையில் 98 சதவீதத்தை ஆவணங்களைக் கொடுத்ததும், மீதி 2 சதவீதத்தைத் தூத்துக்குடியில் எடை, தரம் பார்த்த பிறகும் தருவதாகப் பேசிப் பாருங்கள்.

கோயம்புத்தூர், வார்ப்படத் தொழில்: ஆவணங்களில் முரண்பாடு இருக்கிறது, ஏற்கிறீர்களா என்று வங்கி கேட்கிறது. விற்பவர் அவசரப்படுத்துகிறார்.

முரண்பாடு என்னவென்று முதலில் படியுங்கள். முகவரியில் விடுபட்ட ஓர் எழுத்தும் இருக்கலாம், கவலைப்பட வேண்டியதும் இருக்கலாம். ஒருமுறை என் மேசைக்கு வந்த ஆவணக் கட்டில், பில் ஆஃப் லேடிங்கின்படி (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) சரக்கு கப்பலேறியது 12ஆம் தேதி. கப்பலேறும் முன் செய்ததாகச் சொல்லும் சோதனையோ, அந்தச் சான்றிதழின்படியே, 15ஆம் தேதி நடந்திருந்தது! கடலில் போய்க்கொண்டிருந்த சரக்கை யார் சோதித்தார்கள்? வாடிக்கையாளரை உடனே அழைத்துச் சொன்னேன். அவர் ஆவணங்களை ஏற்க மறுத்தார், விலை குறைந்தது.

ஆவணங்கள் வந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள் வங்கி மறுப்பு அனுப்ப வேண்டும். தவறினால், முரண்பாட்டைக் காட்டி மறுக்கும் உரிமை அதற்குப் போய்விடும். எனவே உங்கள் பதில் அன்றைக்கே எழுத்தில் போகட்டும்.

சென்னை, மொத்த வியாபாரம்: குப்பையை அனுப்பிவிட்டு ஆவணங்களை மட்டும் சரியாகக் கொடுத்தால்?

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வழக்கு, 1941இல் நியூயார்க்கில் நடந்த ஸ்டெய்ன் வழக்கு. இந்தியாவிலிருந்து தூரிகை மயிர் வாங்கியவர், வந்த 50 பெட்டிகளில் மாட்டு மயிரும் குப்பையும்தான் இருந்தன என்று வழக்குப் போட்டார். அது உண்மையானால், பணம் போகும் முன் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால் அந்தக் கதவு மிகக் குறுகியது. அப்பட்டமான மோசடிக்கு ஆதாரம் வேண்டும். தரம் கொஞ்சம் குறைந்தது என்பதற்காகத் தடை கிடைக்காது. வங்கி பணம் கொடுத்த பிறகு ஓடினாலும் பயனில்லை.

திருப்பூர்: தைவானிலிருந்து நான்கு லட்ச ரூபாய்க்குப் பின்னலாடை இயந்திர உதிரிபாகங்கள். எல்சி வேண்டுமா?

வேண்டாம். திறக்கும் கட்டணம், திருத்தக் கட்டணம், மார்ஜின் பணம் (வங்கி முன்கூட்டியே பிடித்துவைக்கும் தொகை) எல்லாம் சேர்ந்தால் கட்டுப்படியாகாது. ஆவணங்களை வங்கி வழியாக அனுப்பி, பணம் கட்டி எடுத்துக்கொள்ளும் முறையே போதும்.

ஈரோடு: எல்சிக்கு வெளியே 30 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள்.

அந்தத் தொகைக்கு அவருடைய வங்கியிலிருந்து முன்பண உத்தரவாதம் கேளுங்கள். அது, வங்கிகள் தங்களுக்குள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் செய்தியாக உங்கள் வங்கிக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை வைத்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.