ஐபொட் போன்ற கருவியில் டேட்டா சிம் போட இடம் வைத்திருந்தால் போனை விட மலிவாக முடிந்திருக்குமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் தரம் 10. போன் வாங்கிக் கொடுக்க விருப்பமில்லை, கையில் காசும் அவ்வளவு இல்லை. முந்தி ஐபொட் டச் என்று ஒன்று வந்ததே, பார்க்கப் போன் மாதிரி, கோல் மட்டும் எடுக்க ஏலாது. அப்படி ஒரு சாமானில் டேட்டா சிம் மட்டும் போடக்கூடிய மாதிரிச் செய்தால் போனை விட மலிவாகக் கிடைக்காதா? ஏன் ஒரு கம்பனியும் செய்யவில்லை?"

நீங்கள் கேட்கிற சாமானை எங்கள் வீட்டில் மூன்று வருஷம் பாவித்தோம், இரண்டு துண்டாக. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில். 2012 கடைசியில் அண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வரும்போது நாலாவது தலைமுறை ஐபொட் டச் ஒன்று கொண்டு வந்தார். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். திரும்பிப் போகுமுன் அண்ணன் மட்டக்களப்பு டவுனுக்குப் போய் ஒரு பக்கட் ரவுட்டரும் (சிம்மைப் போட்டால் வைஃபை தரும் சின்னப் பெட்டி) டேட்டா சிம்மும் வாங்கித் தந்தார். அங்கிருந்து நேரடிக் கோல் எடுத்தால் அவருடைய சம்பளத்துக்குக் கட்டாது. அந்த நாளில் இருந்த ஸ்கைப் செயலி என்றால் முகத்தையும் பார்க்கலாம்.

சிக்னல் முன் ஜன்னலில்தான் நின்று பிடிக்கும். ரவுட்டரை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டு அம்மா இருப்பா. "சாப்பிட்டயா மனே? மறுகா என்ன செஞ்ச?" என்று தொடங்கினால் அரை மணித்தியாலம் போகும். அந்த ஐபொட்டின் பின்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் எஃகு. கை பட்டால் ரேகை அப்படியே விழும். பேசி முடிந்ததும் சீலைத் தலைப்பால் அதைத் துடைத்து, மடித்த சீலைகளுக்கு நடுவில் அலுமாரியில் வைப்பா. ஒரு நாளும் தவறியதில்லை.

இனி விலைக்கு வருகிறேன். ஐபொட் டச் மலிவாக இருந்ததற்குச் சிம் இல்லாததுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளே இருப்பதை ஐபோன் 4-உடன் வைத்துப் பார்த்தால் வேறு கதை. ஐபோன் 4-இல் 512 எம்பி ரேம், இதில் 256. அதன் பின் கேமரா 5 மெகாபிக்சல், இதில் படம் எடுத்தால் 1 மெகாபிக்சல் கூடத் தேறாது. பற்றரி 1420 எம்ஏஎச்சுக்கு 930. திரையும் ஒரு படி குறைவு, ஜிபிஎஸ் இல்லை. இப்படி ஒவ்வொன்றிலும் கிள்ளிக் கிள்ளி எடுத்துத்தான் விலையை இறக்கினார்கள். சிம் பகுதியும் அந்தக் கிள்ளலில் ஒன்று.

அந்தப் பகுதியைத் திருப்பி வைத்தால் என்ன செலவு என்பதற்கு ஆப்பிளே ஒரு கணக்குக் காட்டியது. 2010-இல் வந்த முதல் ஐபேட், வைஃபை மட்டும் என்றால் 499 டொலர். அதே சாமான் 3ஜியோடு 629. 130 டொலர் வித்தியாசம். அதில் கம்பனியின் இலாபமும் ஜிபிஎஸ்ஸும் அடக்கம்தான். ஆனாலும் சிம்மின் சிக்னலைப் பிடிக்கிற மோடம் சிப், ஒவ்வொரு அலைவரிசைக்கும் வடிகட்டி, அன்டெனா, அதிகம் குடிக்கும் ரேடியோவுக்குப் பெரிய பற்றரி, நாட்டுக்கு நாடு அனுமதி எல்லாம் சும்மா வராது. இதற்கு மேல் காப்புரிமைக் கட்டணம். மோடம் சிப் செய்கிற குவால்கொம் கம்பனி அதைச் சிப்பின் விலைக்கு இல்லாமல் முழுக் கருவியின் விலைக்கு வீதம் போட்டு வாங்கியது. ஆப்பிள் அதை எதிர்த்து 2017-இல் வழக்குப் போட்டு 2019-இல் சமரசமானது. நீங்கள் கோல் எடுக்கிறீர்களோ இல்லையோ, மோடம் உள்ளே இருந்தால் இந்தச் செலவு விழும். ஆகவே ஐபொட் மாதிரிப் பாட்டுப் பெட்டிக்கு டேட்டா கொடுத்தால் அது போனின் விலைக்கே போய் நிற்கும்.

வெளியிலிருந்து ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2010-இல் சீனாவில் ஆப்பிள் பீல் 520 என்று ஒரு உறை வந்தது. ஐபொட் டச்சை அதற்குள் செருகினால் சிம்மும் இன்னொரு பற்றரியும் சேர்ந்து போன் மாதிரி ஆகிவிடும். சாம்சங் அன்ட்ரொயிட்டில் கேலக்ஸி பிளேயர் விட்டது, அதிலும் சிம் இல்லை. சிம் இல்லாத இந்த வகை அமெரிக்காவில் எடுபட்டதற்கு ஒரு காரணம், அங்கே ஐபோன் 4 199 டொலருக்குக் கிடைத்தாலும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மாட்ட வேண்டும் என்பது. இலங்கையில் நாங்கள் போனை முழுக் காசு கொடுத்து வாங்கி, ரீலோட் போட்டுப் பாவிக்கிற ஆட்கள். தப்பி ஓட ஒப்பந்தமே இல்லாத இடத்தில் அந்த மலிவுக்குப் பாதிப் பொருள் போய்விடுகிறது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். மீடியாடெக் போன்ற சிப் கம்பனிகள் மூளையையும் மோடத்தையும் ஒரே சிப்பில் போட்டுக் கோடிக்கணக்கில் அச்சடிக்கத் தொடங்கின. மோடம் இல்லாத சிப்பைத் தேடி எடுத்து, குறைந்த எண்ணிக்கையில் தனியாக ஒரு கருவி செய்வதுதான் இப்போது செலவு. ஐபொட் டச்சும் 2022 மே மாதத்தோடு நின்றது. உங்கள் யோசனைக்கு மிகக் கிட்ட வந்தது 2017-இல் இந்தியாவில் வந்த ஜியோபோன் என்பேன். 1500 இந்திய ரூபா வைப்புப் பணத்துக்கு 4ஜி, பேச்சும் டேட்டா வழியேதான் போகும். ஆனால் அவர்கள் பட்டனையும் விடவில்லை, கோலையும் விடவில்லை.

கோலை விடக்கூடாது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு மாரி இரவு, கரண்ட் இல்லை, அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. தங்கச்சி பதற்றத்தில் கையில் எடுத்தது ஐபொட்டை. ரவுட்டரில் டேட்டா முடிந்திருந்தது. முடியாமல் இருந்தாலும் அதில் நம்பர் அடிக்க இடம் ஏது? பட்டன் போனை இருட்டில் தேடிப் பிடித்து ஆட்டோக்கார மாமாவைக் கூப்பிடுவதற்குள் அம்மாவின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். அந்தச் சில நிமிஷம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. இப்போது 1990 அம்புலன்ஸ் கிழக்குக்கும் வந்துவிட்டது, பொலிசுக்கு 119, அனர்த்தத்துக்கு 117. இவற்றை வாட்ஸ்அப்பில் கூப்பிட ஏலாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடு கட்டியிருக்கிற நாங்கள் இதை இலேசாக எடுக்கக் கூடாது.

செயலிகளின் பிரச்சினையும் உண்டு. அந்த ஐபொட் ஐஓஎஸ் 6-ஓடு நின்றுவிட்டது, பிறகு ஒவ்வொரு செயலியாகக் கைவிட்டது. வாட்ஸ்அப் ஐபொட் டச்சுக்கு வரவே இல்லை. ஐபேடுக்கே 2025-இல்தான் வந்தது.

மகளின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தேடுகிற கருவி ஏற்கெனவே உங்கள் வீட்டிலோ மச்சான் வீட்டிலோ லாச்சிக்குள் கிடக்கும்: சிம்மைக் கழற்றிய பழைய டச் போன். ஸ்பீக்கர் பழுதானாலும் பரவாயில்லை, ஹெட்செட் குத்தலாம். பற்றரி ஊதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். டேட்டாவுக்கு உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுங்கள். நீங்கள் நிறுத்தினால் அங்கேயும் நிற்கும். போன் கொடுக்க மனமில்லாத உங்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. கல்வி அமைச்சின் பாடத் தளமான ஈ-தக்சலாவ பிரௌசரிலேயே திறக்கும், பாடத்துக்குத் தனிச் செயலி தேவையில்லை.

வகுப்புக் குறிப்புகளை ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில்தான் போடுகிறார்கள் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2023-இலிருந்து ஒரே கணக்கை இன்னொரு போனிலும் இணைக்கலாம், அந்தப் போனில் சிம் தேவையில்லை, கியூஆர் கோடைக் காட்டினால் போதும். உங்கள் போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துபோகும். இதில் உங்கள் மெசேஜ் எல்லாம் மகளுக்கும் தெரியும். வேண்டாமென்றால், வீட்டில் சும்மா கிடக்கிற வேறொரு சிம் நம்பரில் தனிக் கணக்குத் திறக்கலாம். பதியும்போது வரும் இலக்கம் அந்தச் சிம் எந்தப் போனில் இருந்தாலும் வரும், பட்டன் போனில் பார்த்து இதில் அடித்தால் சரி.

பழையது ஒன்றைக் கடையில் வாங்குவதாக இருந்தால், பிறகு எப்போதாவது சிம் போட மனம் வரும் என்பதையும் யோசியுங்கள். *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்ஈஐ வரும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909-க்கு, IMEI என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த இலக்கத்தை எஸ்எம்எஸ் அனுப்பி, பதிவில் இருக்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சிம் போடும் வரைக்கும் மகளின் பையில் ஒரு பட்டன் போன் கட்டாயம் இருக்கட்டும்.